வராத வீடுகள்

‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதிய கடதாசி எதைக் கண்டாலும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஒன்பது பேர் இருந்த அறையில் ஒன்பது பேருக்கும் ஒரே மனமாம். எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் இரண்டே பேர். புட்டா இடியப்பமா என்பதில்கூட எங்களுக்கு ஒரு மனம் வந்தது கிடையாது. படித்த ஒன்பது பேருக்கு முக்கால் மணித்தியாலத்தில் அது வந்துவிட்டது. போதாக்குறைக்கு அந்த அறையிலேயே இல்லாத என்னையும் பத்தாவது மனமாகச் சேர்த்து எழுதிக்கொண்டார்கள்.

இடம்பெயர்ந்த யாழ்ப்பாணத்துச் சனம் தென்மராட்சியிலிருந்து திரும்பி வந்த தொண்ணூற்றாறாம் வருடம் எனக்கு நகரத்து உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. பெயர் எழுதமாட்டேன். அங்கிருந்தவர்கள் பலர் இன்றும் மரியாதையோடு வாழ்கிறார்கள், வாழட்டும். வாக்களிப்பும் கூட்டுத் தீர்மானமும் என் பாடம். மூன்று பேர் மூன்று வேட்பாளர்களை வேறு வேறு வரிசையில் விரும்பினால், எண்ணும் முறையை மாற்றி மாற்றி யாரை வேண்டுமானாலும் வெல்லவைக்கலாம் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். யாழ்ப்பாணத்தை ஒட்டிய எங்கள் தீவுகளில் அவ்வளவு மூளைச் செலவு யாருக்கும் தேவைப்படவில்லை. தேர்தலன்று காலை எட்டு மணிக்கு நான் வாக்குச்சாவடிக்குப் போனபோது, “உங்கட வோட்டுப் போட்டாச்சு அக்கா” என்று அன்பாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கனடாவில் இருக்கும் என் சின்ன மாமாவும் அன்று எங்கள் ஊர் கரம்பொனுக்கு வந்து வாக்களித்திருந்தார். வந்த மனிதர் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவாவது வீட்டை எட்டிப் பார்த்திருக்கலாம்.

பாடம் நடத்துவதோடு முதுமாணிப் பட்ட மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு மேற்பார்வையாளராகவும் இருந்தேன். பெரும்பாலானவை வெளிநாட்டுத் தேர்தல் முறைகளைப் பற்றிப் பழைய புத்தகங்களைப் பார்த்து எழுதியவை. படலைக்கு வெளியே நடப்பதைப் பற்றி எழுத ஒருவருக்கும் துணிவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கும் வாயில்லை. இந்த நிலையில்தான் அவர் மாணவராக வந்து சேர்ந்தார்.

அவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஊர்காவற்துறைப் பக்கம், கடலோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த கத்தோலிக்கர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் படித்துப் பாடசாலையில் வர்த்தக ஆசிரியராகி, ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் செயலாளராக இருந்தார். நான் கரம்பொனில் காணிக்காரக் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சைக்கிளில் அரை மணித்தியாலம்தான். ஆனாலும் என் அப்பா இருந்த காலத்தில் அந்த ஊரவர் எவரும் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் என்னை ‘மிஸ்’ என்றார், நான் அவரை ‘அண்ணை’ என்றேன், வேலை நடந்தது.

அது சமாதான காலம். தெற்கிலிருந்து வரும் பாதை திறந்ததும் வெள்ளை வாகனங்களில் பல தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. அவற்றில் ஒன்று தீவுப் பகுதி மீன்பிடிக் கிராமங்களைப் பற்றி அறிக்கை எழுதியிருந்தது. அதில் ஒரு பக்கத்தை அவர் பிரதியெடுத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். சங்கக் கூட்டங்களுக்கு வருவோர் குறைவு, பல கூட்டங்கள் எந்த முடிவும் எடுக்காமலே கலைகின்றன, பொது விடயங்களில் மக்களுக்கு அக்கறையில்லை என்று அதில் இருந்தது. கடைசி வரிக்குக் கீழே அவர் சிவப்புப் பேனையால் இரண்டு தரம் கோடு போட்டிருந்தார்.

“எங்கட ஆக்களுக்கு அக்கறை இல்லையாம் மிஸ். இது பிழை எண்டு நான் எழுதவேணும். அதுக்குத்தான் படிக்க வந்தனான்.”

“பிழை எண்டு முதலே முடிவு கட்டிப்போட்டு ஆய்வு செய்யேலாது அண்ணை. சங்கத்தின்ர வரவுப் புத்தகத்தைக் கொண்டுவாங்கோ, எண்ணிப் பாப்பம்.”

“அதிலை வந்தவையின்ர பேர்தானே மிஸ் இருக்கு” என்றார்.

அந்தப் பதில் எனக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார், போனேன். காலைப் பூசை முடிந்ததும் தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் கூட்டம். அன்றைய தீர்மானம் தங்கூசி வலை பற்றியது. மெல்லிய நைலோன் நூல் வலை அது, குஞ்சு மீனையும் விடாமல் வாரிவிடும். ஊர்க்கரையில் அதைத் தடைசெய்வதா என்பதுதான் கேள்வி. தலைவர் தீர்மானத்தை ஒருதரம் வாசித்தார். ஒருவரும் கதைக்கவில்லை. தலைவர் கதிரை வரிசைகளை முன்னிருந்து பின்னுக்கு மெதுவாகப் பார்த்துக்கொண்டு போனார். பிறகு, “சரி, செபத்தைச் சொல்லுவம்” என்றார். பத்து நிமிடத்தில் எல்லாரும் எழும்பிப் போய்விட்டார்கள்.

எனக்கு எரிச்சல். நிறுவனக்காரர் எழுதியதில் என்ன பிழை என்றுதான் நினைத்தேன். வாசலில் சைக்கிளை எடுக்கும்போது அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார்:

“முடிஞ்சுது மிஸ். தடை வேண்டாம் எண்டிட்டினம்.”

“ஆர் சொன்னது? ஒருத்தரும் வாயே திறக்கேல்லையே.”

“வரேல்லையே மிஸ். ஒன்பது வீடு வரேல்லை.”

அந்தச் சைக்கிள் ஓட்டத்தில்தான் அவர் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். தீர்மானம் என்னவென்று ஒரு கிழமைக்கு முன்பே வீடு வீடாகச் சொல்லிவிடுவார்கள். சம்மதமானவர்கள் கூட்டத்துக்கு வருவார்கள். எதிரானவர்கள் வரமாட்டார்கள். வராத வீடு ஐந்துக்குள் நின்றால் தீர்மானம் நிறைவேறும். ஐந்தைத் தாண்டினால் தலைவர் செபத்தைச் சொல்லிக் கூட்டத்தைக் கலைப்பார், அந்தப் பேச்சு அத்தோடு சரி. கை உயர்த்துவது, கத்துவது, எண்ணுவது ஒன்றும் கிடையாது.

“நேரை நிண்டு உன்ர முடிவு எனக்கு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு, விடியக் கடலிலை அவனோடை ஒரு வள்ளத்திலை இருக்கேலாது மிஸ். அங்கை அவன்ர கைதான் என்ர உயிர்.”

“அப்ப காய்ச்சல் வந்து படுத்தவன்? செத்தவீட்டுக்குப் போனவன்?”

“அவன் சொல்லி அனுப்புவான். சொல்லி அனுப்பினால் அது எதிர்ப்பில்லை. நீங்கள் எடுக்கிற முடிவு எனக்கும் சம்மதம் எண்டதுதான் அது. ஒரு சொல்லும் அனுப்பாமல் வராமல் விட்டால்தான் வேண்டாம் எண்டது.”

நான் சைக்கிளை நிறுத்தி இறங்கிவிட்டேன். எட்டு வருடம் வாக்களிப்பைப் படிப்பித்தவள், அரை மணித்தியாலத் தூரத்தில் இப்படி ஒரு முறை நடப்பதை அறியாமல் இருந்திருக்கிறேன். பெரும்பான்மை ஆட்சி என்று நான் கரும்பலகையில் எழுதிய எதைக் காட்டிலும் இது இறுக்கமானது. ஆறே ஆறு வீடு சேர்ந்தால் ஊரையே நிறுத்தலாம். நிறுத்தியவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஒருவர் முகத்தையும் முறிக்கவேண்டி வராது. அதைக் கண்டுகொண்ட மகிழ்ச்சியில் எனக்குக் கொஞ்சம் வெட்கமும் கலந்திருந்தது.

அதன்பிறகு அவர் இரண்டு வருடம் வேலை செய்தார். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் வராத வீடுகளுக்குப் போனார். வாயால் சொல்லக்கூடாது என்பதற்காகத்தானே வராமல் விட்டார்கள், அதை வாயால் சொல்லுங்கோ என்று கேட்டால் யார் சொல்லுவார்? முற்றத்தில் இருந்து மீன் விலை, பிள்ளையின் படிப்பு, சுவாமியாரின் பிரசங்கம் எல்லாம் கதைத்து, மூன்றாம் தரமோ நாலாம் தரமோ போனபோதுதான் சொன்னார்கள். சொன்னதை ஒரு கொப்பியில் வீடு வீடாக எழுதினார். வந்த வீட்டுக்குச் சரி அடையாளம், சொல்லி அனுப்பிய வீட்டுக்கு வட்டம், சொல்லாமல் விட்ட வீட்டுக்குப் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி.

ஒருநாள் அந்தக் கொப்பியோடு என்னைப் பார்க்க வரும்போது சோதனைச் சாவடியில் படையினர் பஸ்ஸை மறித்தார்கள். வீடுகளின் பட்டியலும் புள்ளடியும் இருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? காலை எட்டு மணிக்கு இறக்கியவரை மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் விட்டார்கள். தங்கூசி வலை என்றால் என்னவென்று தெரிந்த ஒருவன் அங்கே இல்லை. வெயிலில் நின்று கறுத்துப்போய் என் அறைக்கு வந்து, “பிந்திப்போச்சு மிஸ், குறை நினையாதேங்கோ” என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவரோ கொப்பியில் மடிந்திருந்த தாளை விரலால் தடவி நேராக்கிக்கொண்டிருந்தார்.

ஆய்வேடு முடிந்தது. நாலாம் அத்தியாயம்தான் அதன் உயிர். வராமை எப்படி வாக்காகிறது, சொல்லி அனுப்புவது எப்படிச் சம்மதமாகிறது என்று ஒவ்வொரு கூட்டமாக எடுத்து எழுதியிருந்தார். அதை நான் மூன்று தரம் வாசித்தேன். எழுத்துப்பிழை திருத்தினேன், நீண்ட வசனங்களை முறித்தேன், நல்லது என்று ஓரத்தில் எழுதினேன். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்த வேலைக்கு ‘தெரியாது’ என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

வெளிப் பரீட்சகரின் அறிக்கை மூன்று மாதம் கழித்து வந்தது. கூட்டத்துக்கு வராததை எதிர்ப்பு எனக் கொள்ள ஆதாரம் போதாது, தொண்டு நிறுவன அறிக்கை சொன்னதுபோல அதை அக்கறையின்மை என வகைப்படுத்தி ஆய்வேட்டைத் திருப்பி எழுதவேண்டும் என்று இருந்தது. அந்த மனிதர் ஊர்காவற்துறையை வரைபடத்திலாவது பார்த்திருப்பாரா தெரியாது. ஆனால் அவரைவிட எனக்கு ஆத்திரம் எங்கள் துறைத்தலைவரில். தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்:

“வெள்ளிக்கிழமை பட்டப்பின் படிப்புக் குழு கூடுது. எல்லாம் கதைச்சாச்சு. நீர் வந்து ஒரு கையெழுத்து வைச்சிட்டுப் போம்.”

“என்ன சேர் கதைச்சாச்சு? குழு இனித்தானே கூடப்போகுது?”

“ஏன் நீர் இதைப் பெரிசாக்கிறீர்? மீன்காரர் கூடி என்னத்தைத் தீர்மானிக்கப் போறாங்கள்? அதுக்கொரு நாலாம் அத்தியாயம்.”

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் தன் ஆள்தானே, கரம்பொன் காணிக்காரர் வீட்டுப் பிள்ளைதானே என்ற உரிமைச் சிரிப்பு. அந்த இடத்திலேயே நாலு கேள்வி கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, இந்தக் கூட்டத்துக்கு நான் போகப்போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

இது கோழைத்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நான் வளர்ந்த வீட்டிலும் இதுதான் பேச்சு. அப்பாவுக்கு அவருடைய தம்பியோடு கிணற்றுப் பங்கில் பிணக்கு வந்தபோது ஒரு சொல் ஏசவில்லை. தம்பி மகளின் கலியாணத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் சித்தப்பா எங்கள் படலையில் வந்து நின்றார், கிணற்று விடயம் அன்றே தீர்ந்தது. தீவாரான எங்களுக்குப் போகாமல் விடுவதுதான் பெரிய ஆயுதம். மேற்பார்வையாளர் இல்லாமல் எந்தக் குழு ஓர் ஆய்வேட்டைப் பற்றி முடிவெடுக்கும்? என் கதிரை வெறுமையாகக் கிடந்தால் தலைவருக்கு உறைக்கும், கூட்டத்தைத் தள்ளிப்போடுவார்கள், பிறகு என்னைத் தேடி வருவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

வியாழக்கிழமை காரியாலயத்தில் எழுதுவினைஞர் அக்கா ஒருவரிடம் நாளைக்கு வரமாட்டேன் என்றேன். அவ பயந்துவிட்டா.

“சும்மா வராமல் நிண்டுபோடாதேங்கோ மிஸ், பிறகு விளக்கக் கடிதம் கேப்பினம். சுகமில்லை எண்டு ரெண்டு வரி எழுதித் தந்திட்டுப் போங்கோ.”

எழுதினேன். சுகவீனம் காரணமாக நாளைய கூட்டத்துக்குச் சமுகமளிக்க இயலாமையை அறியத்தருகிறேன் என்று அழகான எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். எழுதும்போது அது வெறும் கடதாசி, வேலையைக் காப்பாற்றும் கடதாசி. வெள்ளிக்கிழமை ஒரு தும்மல்கூட இல்லாமல் வீட்டில் நின்று ஒடியற்கூழ் காய்ச்சி அம்மாவோடு குடித்தேன். அந்த நேரம் அவர்கள் என் வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டு என்ன பாடுபடுகிறார்களோ என்று மனதுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே எனக்கு அடிக்கவேண்டும் போல இருக்கிறது.

அவர்கள் ஒரு பாடும் படவில்லை. முக்கால் மணித்தியாலத்தில் தீர்மானித்து, தேநீரும் வடையும் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த புதன்கிழமை அவர் கரம்பொனில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் எங்கள் கல்வி நிறுவனத்தின் கடிதமும் அதோடு கூட்டறிக்கையின் ஒரு பக்கமும் இருந்தன. முற்றத்திலேயே நின்றார். நான் உள்ளே வரச்சொன்னேன், அம்மா கதிரையை இழுத்துப் போட்டா. அவர் இருக்கவில்லை.

“காய்ச்சலோ மிஸ்?”

“இல்லை அண்ணை.”

“அப்ப என்ன வருத்தம்?”

“ஒண்டுமில்லை. நான் வேணுமெண்டுதான் போகேல்லை. என்ர எதிர்ப்பைக் காட்டத்தான்.”

அவர் கூட்டறிக்கைப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். மேற்பார்வையாளர் சுகவீனம் காரணமாகச் சமுகமளிக்க இயலாமையை அறிவித்திருந்தார். பரீட்சகரின் விதப்புரையை ஏற்று ஆய்வேட்டை மீள எழுதப் பணிப்பதெனக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. இரண்டு வசனமும் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருந்தன.

“நீங்கள் சொல்லி அனுப்பியிருக்கிறியள் மிஸ்” என்றார்.

அதற்கு என் வாயில் வந்ததோ அந்தக் கடிதத்தைவிட மோசம். நான் அவரைக் கோபித்தேன். “அது உங்கட ஊர் வழக்கம் அண்ணை. அங்கை அப்பிடி இல்லை. அங்கை லீவுக் கடிதம் குடுக்காமல் நிண்டால் என்ர வேலைக்கு வில்லங்கம்.”

“அங்கை எப்பிடி மிஸ்? அங்கையும் உங்களைச் சம்மதம் எண்டுதானே எழுதியிருக்கினம்.”

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். நான் குரலைத் தாழ்த்தி, ஒரு வழிக்கு வந்தவள்போலக் கதைத்தேன். ஆறு மாதம் தந்திருக்கிறார்கள், ஒரு அத்தியாயத்தை மாற்றி எழுதுங்கள், பட்டம் கையில் வரட்டும், பிறகு உண்மையைக் கட்டுரையாக எழுதுவோம் என்று கெஞ்சினேன். அவர் நான் முடிக்கும்வரை கேட்டார்.

“ஒவ்வொரு வீட்டு முற்றத்திலையும் மூண்டு தரம், நாலு தரம் இருந்தனான் மிஸ். ஒருத்தருக்கும் சொல்லாத விசயத்தை எனக்குச் சொன்னவை. அவையளை அக்கறை இல்லாத சனம் எண்டு நான் என்ர கையாலை எழுதட்டோ? அந்தப் பட்டத்தை வைச்சு நான் அந்த ஊருக்குள்ளை எப்பிடி நடக்கிறது?”

போகும்போது அம்மாவிடம் “வாறன்” என்றார். என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் போனேன். கூட்டறிக்கையைத் திருத்தவேண்டும், அந்த ஏகமனதில் என் மனம் இல்லை என்று எழும்பி நின்று சொன்னேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீர் வரேல்லைத்தானே? கடிதமும் தந்தனீர். இப்ப என்னத்தைத் திருத்திறது?” என்றார். அதன்பிறகு நான் போட்ட சத்தம் அந்தக் கட்டிடம் முழுக்கக் கேட்டிருக்கும். மீன்காரர் என்று அவர் தொலைபேசியில் சொன்னதையும் எல்லார் முன்னாலும் சொன்னேன். எட்டுப் பேர் தங்கள் முன்னால் கிடந்த கடதாசியை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெளியில் வந்தபிறகு அவர்களில் இருவர் நடைக்கூடத்தில் என் தோளைத் தொட்டு, நீங்கள் சொன்னது சரி என்றார்கள். தோளில் இருந்த கையைத் தட்டிவிட்டு நடந்தேன்.

ஆறு மாதத் தவணை முடியுமுன் சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. பாதை பூட்டுப்பட்டது, கடலும் பூட்டுப்பட்டது. கரையில் இருந்த அந்தக் கிராமத்தைப் படையினர் வெளியேற்றிவிட்டார்கள். சனம் ஊர்காவற்துறையில் ஒரு தேவாலய மண்டபத்திலும் அதைச் சுற்றியிருந்த வளவுகளிலும் வந்து தங்கியது. அவரும் அங்கேதான் இருந்தார். நான் சில தடவை பாணும் பால்மாவும் கொண்டுபோனேன். வாங்கிப் பொதுவில் கொடுத்தார், நன்றி சொன்னார், ஆய்வேட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

யுத்தம் முடிவதற்கு முதல் வருடம் துறைத்தலைவர் மாறினார். புதியவர் நல்ல மனிதர். பழைய கோவையைத் தேடி எடுத்து வாசித்து, இதை அப்படியே இன்னொரு பரீட்சகருக்கு அனுப்பலாம், ஒரு வரிகூட மாற்றவேண்டாம், மாணவர் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தால் போதும் என்றார். அன்றைக்கே சைக்கிளை எடுத்தேன். வழி முழுக்க அவர் முகம் எப்படி மலரும் என்று யோசித்துக்கொண்டு போனேன்.

அவர் விண்ணப்பத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“இப்ப அது புத்தகமா வரக்கூடாது மிஸ்.”

“ஏன் அண்ணை? ஊர்ப்பேரை மாத்துவம். ஒருத்தரின்ர பேரும் அதிலை இல்லையே.”

“இப்ப எங்களைக் கூட்டம் எண்டு வேறை ஆக்கள் கூப்பிடுகினம். துவக்கோடை வந்து கூப்பிடுகினம். போனால் ஒரு கரைச்சல், வேண்டாம் எண்டு சொன்னால் உயிர் போம். போகாமல் விட்டுப்போட்டு, வள்ளம் இழுக்கப் போனது, மறந்துபோனது எண்டு மழுப்பிறது ஒண்டுதான் மிச்சம். அக்கறை இல்லாத சனம் எண்டு நினைச்சு விடுகினம். வராதவன் எதிர்க்கிறவன் எண்டு நாங்களே எழுதிக் குடுத்தால்?”

நான் பதில் வைத்திருந்தேன். நூலகத்தில் ஒரு மூலையில் கிடக்கும், யார் எடுத்து வாசிக்கப்போகிறார் என்றேன். நான் எவ்வளவு சொன்னாலும் அவர் தலையை ஆட்டவில்லை. கடைசியில், “இது நான் தனிய முடிவெடுக்கிற விசயமில்லை. அவையளின்ர கதை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலை வைப்பம். நீங்களும் வாங்கோ” என்றார். அந்தக் கிழமை முழுக்க அவர் வீடு வீடாக, அதாவது தறப்பாள் கூடாரம் கூடாரமாக, விண்ணப்பத்தில் கையெழுத்து வைப்பது என்ற தீர்மானத்தைச் சொல்லிக்கொண்டு போனதாக அறிந்தேன்.

இதைக் கேள்விப்பட்ட சக விரிவுரையாளர் ஒருவர், பழைய குழு அதை மறித்ததும் ஒரு நல்லதுக்குத்தான் என்றார். அவரை அறையாமல் விட்டது என் பொறுமையல்ல, கையில் கொப்பிகள் இருந்தன. அந்த ஒன்பது பேரும் ஒருவருடைய உயிரையும் யோசித்து மறிக்கவில்லை. மீன்காரருக்கு மூளை இல்லை என்று மறித்தார்கள், நான் கடிதம் கொடுத்து உதவினேன். அதை நல்லது என்று பெயர் மாற்ற நான் விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்துக்குப் போனேன். பாய்களைச் சுருட்டிச் சுவரோரம் வைத்து, நடுவில் கதிரைகளும் வாங்குகளும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். பின்வரிசையில் இருந்தேன். விண்ணப்பம் என் பையில் இருந்தது. வெளியே வளவில் சனத்தின் பேச்சுச் சத்தம் கேட்டது, குசினிப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் இருபது யார் தூரத்துக்குள்தான் இருந்தார்கள். ஒன்பதரை ஆனது. பத்தானது. தலைவர் வரவில்லை.

நான் பதினொரு மணிவரை இருந்தேன். காய்ச்சல் என்றோ, செத்தவீடு என்றோ ஒரு வீட்டிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. செயலாளரான அவரிடமிருந்தும் வரவில்லை.